கறி பன் ஏன் வெடிக்கிறது? தீபாவளி விருந்துக்கு மசாலா வைத்த ரொட்டி

தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்ததும் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை எல்லாம் டப்பாவில் தயாராக இருக்கும். சூடாக, காரமாக ஒன்று வேண்டுமென்றால் தோட்டப்புறத்திலும் அதை ஒட்டிய டவுன்களிலும் முதலில் நினைவுக்கு வருவது கறிபாப், மசாலாவை மாவில் மடித்து எண்ணெயில் பொரிப்பது. ஆனால் ஐம்பது பேர் வரும் வீட்டில் கறிபாப் போட ஒருவர் காலையெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். அதே கிழங்கு, கோழி மசாலாவை ரொட்டி மாவுக்குள் வைத்து ஓவனில் சுட்டால் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பன் ஒரே நேரத்தில் வெந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டி, பூ விரிந்த மாதிரி வட்டமாக இருக்கும் அதை அப்படியே மேசை நடுவில் வைத்தால், வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகப் பிய்த்து எடுத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் மூன்று விதமாகக் கெடுகிறது. அடியில் மாவைக் கிள்ளி மூடிய தையல் விட்டு மசாலா வழிகிறது. அல்லது மேலே நன்றாகச் சிவந்தும் உள்ளே மசாலாவைச் சுற்றிய மாவு வேகாமல் பசை போல இருக்கிறது. அல்லது பிய்த்துப் பார்த்தால் மசாலாவுக்கு மேலே வெறும் பொந்து. மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உள்ளே வைத்த மசாலா போதுமான அளவு காயவில்லை. மாவு பிசைவது கடினம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கவலையில் பாதியையாவது மசாலாவுக்குக் கொடுங்கள்.

ஈரம் செய்யும் வேலை

கறிபாப்பை மடித்த சில நிமிடங்களில் எண்ணெயில் போட்டுவிடுகிறோம். மசாலாவின் ஈரம் மாவுக்குள் இறங்க நேரமே இல்லை. பன் அப்படியில்லை. மசாலாவை உள்ளே வைத்து மூடிய பிறகு அது முக்கால் மணி நேரம் உப்ப வேண்டும், அப்புறம் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓவனில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஈரமான மசாலாவும் மெல்லிய பச்சை மாவும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்த நேரத்தில் மாவு தண்ணீரைக் குடித்துத் தளர்ந்துவிடும். கறிபாப்புக்குச் சரியாக இருக்கும் மசாலா பன்னுக்குக் கொஞ்சம் ஈரம் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று நீராவி. தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 8 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பன்னுக்குள் இருக்கும் ஈரம் முழுவதும் ஆவியாவதில்லை. கொஞ்சம் ஆவியானாலே போதும், அது மேலே தள்ளிப் பொந்து உண்டாக்கும், அல்லது கீழே தையல் பலவீனமாக இருக்கும் இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

பேராக் மாநிலத்தில், பீடோரிலிருந்து பழைய சாலையில் தாப்பாவைத் தாண்டி ஈப்போவுக்குப் போகும் வழியில் கம்பார் இருக்கிறது. அந்த ஊரின் பேர்பெற்ற சீனக் கறிக்கோழி ரொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தலையணை மாதிரி பெரிய ரொட்டி, உள்ளே குழம்போடு கோழிக்கறி. அந்தக் கறியை அவர்கள் நேராக மாவுக்குள் ஊற்றுவதில்லை. தாளில் பொட்டலமாகக் கட்டி, அதன் மேல்தான் மாவைப் போர்த்துகிறார்கள். குழம்பு வேண்டுமென்றால் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். நம் பன்னில் தடுப்பு இல்லை, கடித்தால் மாவும் மசாலாவும் சேர்ந்தே வாயில் வர வேண்டும். அதனால் குழம்பே இருக்கக் கூடாது.

மசாலா: முதல் நாள் இரவே

24 சிறிய பன்னுக்கான அளவு இது. தோல் சீவிய உருளைக்கிழங்கு 300 கிராம், அரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கியது. எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 200 கிராம், பொடியாகக் கொத்தியது. பெரிய வெங்காயம் 150 கிராம், இதுவும் பொடியாக. இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, இறைச்சிக் கறித்தூள் இரண்டரை மேசைக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. சாதத்துக்கு ஊற்றும் கறியைவிட உப்பும் காரமும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும். சுற்றியுள்ள ரொட்டி அதைத் தணித்துவிடும்.

கறித்தூளை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் குழைத்து வையுங்கள். தூளாகவே எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். குவாலியில் (குழிந்த வாணலி) எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், கறிவேப்பிலை போட்டு வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இஞ்சி பூண்டு, அடுத்து குழைத்த கறித்தூள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தெரியும்போது கோழியைப் போட்டு நிறம் மாறும்வரை கிளறி, கிழங்கு, உப்பு, சர்க்கரை, 100 மில்லி தண்ணீர் சேர்த்து மூடிவிடுங்கள். மிதமான தீயில் எட்டு முதல் பத்து நிமிடத்தில் கிழங்கு வெந்துவிடும்.

இந்த இடத்தில் பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். இனிமேல்தான் முக்கியமான வேலை. மூடியை எடுத்துவிட்டுக் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கைக் கரண்டியின் முதுகால் மசியுங்கள். மசித்த கிழங்கு மிச்ச ஈரத்தை இழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு தீயைச் சற்றுக் கூட்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் குவாலியில் சளசளவென்று சத்தம் கேட்கும், அது தண்ணீர். ஐந்தாறு நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கி, எண்ணெயில் ஏதோ வறுபடுவது போன்ற மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சும். அப்போது கரண்டியால் குவாலியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் அப்படியே நின்றால், நடுவில் ஒரு சொட்டும் ஊறி வராமல் இருந்தால், மசாலா தயார். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கலாம், ஈரம் இருக்கக் கூடாது.

அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுங்கள். குவியலாக வைத்தால் நடுவில் சூடு நின்று வியர்த்து மறுபடியும் ஈரமாகும். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கோழி இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். காலையில் தலா 22 கிராம் எடுத்து 24 உருண்டை பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மசாலா எளிதாக உருளும். மாவில் வைப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். பனி போலச் சில்லென்று உள்ளே போனால் அதை ஒட்டிய மாவு உப்பாமல் அடர்ந்து கிடக்கும்.

மாவு

நம் கடைகளில் கோதுமை மாவு என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளை மாவு ரொட்டி சானாய்க்கும் பலகாரத்துக்கும் சரி. பன்னுக்குத் தெப்புங் ரொத்தி, அதாவது ரொட்டி மாவு, என்று எழுதியிருக்கும் பாக்கெட்டை எடுங்கள். அதில் புரதம் 12 விழுக்காடு அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது உண்டாகும் ரப்பர் போன்ற இழை இந்தப் புரதத்திலிருந்துதான் வருகிறது. மசாலாவின் கனத்தைத் தாங்கிக்கொண்டு கிழியாமல் விரிய அந்த இழை வேண்டும். தெப்புங் நாய்க் செண்டிரி (தானே உப்பும் மாவு) வேண்டவே வேண்டாம். அது கேக்குக்கு.

ரொட்டி மாவு 500 கிராம், சர்க்கரை 50 கிராம், பால் மாவு 20 கிராம், உப்பு 8 கிராம், உடனடி ஈஸ்ட் 6 கிராம் (மட்டமாக இரண்டு தேக்கரண்டி), முட்டை ஒன்று, குளிர்ந்த தண்ணீர் 250 மில்லி, வெண்ணெய் 60 கிராம். ஒரு சமையல் தராசு இருந்தால் நல்லது. கப் அளவில் மாவை அள்ளினால் ஒருவர் அமுக்கி அள்ளுவார், ஒருவர் தளர அள்ளுவார், மாவு மாறிப்போகும்.

குளிர்ந்த தண்ணீர் என்று எழுதியதைத் தவறி எழுதியதாக நினைக்காதீர்கள். பல செய்முறைகள் வெதுவெதுப்பான நீரில் ஈஸ்டைக் கரைக்கச் சொல்லும். அவை குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதியவை. நம் அடுக்களை காலை பத்து மணிக்கே 30 பாகையைத் தொட்டுவிடும், மாவு மூட்டையும் அதே சூட்டில்தான் இருக்கும், கையால் பிசையும் உராய்வில் இன்னும் ஏறும். வெந்நீரும் சேர்ந்தால் மாவு அவசரமாகப் பொங்கி, புளித்த வாடை வந்து, உருட்டும்போது கையில் ஒட்டிக் கிழியும். குளிர்பெட்டித் தண்ணீர் போட்டால் மாவு நிதானமாக உப்பும்.

ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்துச் சில வாரம் அலமாரியில் விட்டிருந்தால் நம்ப வேண்டாம், நம் காற்றின் ஈரப்பதத்தில் அது செத்திருக்கலாம். கைபொறுக்கும் சூட்டில் அரைக் கப் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். மேலே தடித்த நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. இல்லையென்றால் புதுப் பாக்கெட் வாங்குங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் போட்டு வைக்கலாம்.

வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் கலந்து பிசையுங்கள். தண்ணீரில் 20 மில்லியைக் கையில் நிறுத்திக்கொண்டு, மாவு வறண்டால் மட்டும் சேருங்கள். ஐந்து நிமிடம் கழித்து வெண்ணெயைச் சேர்த்தால் முதலில் வழுக்கி, மாவு கெட்டுவிட்டது போலத் தெரியும். அங்கே மாவைக் கூடுதலாகக் கொட்டிவிடாதீர்கள். தொடர்ந்து பிசைந்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். கையால் மொத்தம் பதினைந்து நிமிடமாவது ஆகும். ஒரு சிறு துண்டை விரல்களால் மெல்ல இழுத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியும் சவ்வு போல விரிய வேண்டும். அறுந்து போனால் இன்னும் பிசைய வேண்டும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகும். விரலில் உலர்ந்த மாவைத் தொட்டு, உப்பிய மாவின் நடுவில் குத்துங்கள். குழி மெதுவாக, அரைகுறையாக நிரம்பினால் சரி. உடனே துள்ளி நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். சுற்றிலும் அமுங்கிப் போனால் தாமதமாகிவிட்டது. கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள், ஐப்பசி மழை பிடித்த காலையில் கணக்கு மாறும்.

உள்ளே வைத்து மூடுவது

மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, தலா 39 கிராம் வீதம் 24 உருண்டை பிடித்து, துணி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். ஓய்வு கொடுக்காத மாவு தேய்த்ததும் சுருங்கி உள்ளே ஓடும்.

ஓர் உருண்டையை ஒன்பது சென்டிமீட்டர் வட்டமாகத் தேயுங்கள், ஆனால் சப்பாத்தி போல ஒரே தடிப்பில் அல்ல. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குத் தடிப்பாக விட்டு, ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி மெலியுங்கள். ஓரமெல்லாம் கூடி அடியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். ஓரமும் தடிப்பாக இருந்தால் அடியில் மாவு மட்டும் கட்டியாக நின்று வேகாது. மேலே வரப்போகும் நடுப்பகுதி மெலிந்திருந்தால் அது கூரையாகும்போது கிழியும். கொழுக்கட்டைக்குச் சொப்பு பிடித்துப் பழகிய கைக்கு இந்தத் தடிப்பு வித்தியாசம் இரண்டு மூன்று பன்னிலேயே வந்துவிடும்.

வட்டத்தை இடது உள்ளங்கையில் வைத்து நடுவில் மசாலா உருண்டையை வையுங்கள். இடது கட்டைவிரலால் அதை உள்ளே அமுக்கிப் பிடித்தபடி, வலது கை விரல்களால் ஓரத்தை மேலே இழுத்து மடிப்பு மடிப்பாக ஒன்று சேருங்கள். எட்டுப் பத்து மடிப்பில் வாய் குவிந்துவிடும். அதைக் கிள்ளி, ஒரு திருகு திருகி, மறுபடியும் கிள்ளுங்கள். இங்கே ஒரு கண்டிப்பு தேவை: மாவின் ஓரத்தில் எண்ணெய் படக் கூடாது. எண்ணெய் பட்ட மாவு எவ்வளவு கிள்ளினாலும் ஒட்டாது, பார்வைக்கு ஒட்டினது போல இருந்து ஓவனில் வாய் திறக்கும். மசாலா தொட்ட விரலை ஒவ்வொரு தடவையும் துணியில் துடைத்துவிட்டு மடியுங்கள். உலர்ந்த மாவை அதிகம் தூவினாலும் இதே கதிதான். ஓரத்தில் பட்டுவிட்டால் அந்த இடத்தைத் துடைத்து, ஈர விரலால் தொட்டு மூடுங்கள்.

வெண்ணெய் தடவிய 23 சென்டிமீட்டர் வட்டத் தட்டு இரண்டு. ஒவ்வொன்றிலும் தையல் அடியில் இருக்கும்படி ஓரத்தில் ஒன்பது, நடுவில் மூன்று. ஓரத்தில் இருப்பவற்றுக்கு இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கும், உப்பும்போது அதுவே நிரம்பி ஒட்டிக்கொள்ளும். முதல் தட்டை முழுவதும் நிரப்பிவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் உப்பி நிற்கும். சிறிய மேசை ஓவனில் ஒரு தட்டுத்தானே போகும், காத்திருப்பது அமுங்கிவிடும். இரண்டாவது தட்டு வேகமாக உப்புவது தெரிந்தால் குளிர்பெட்டியில் வைத்துத் தடுத்து நிறுத்துங்கள்.

ஓவனில்

35 முதல் 45 நிமிடம் உப்பிய பிறகு ஒரு பன்னின் பக்கவாட்டில் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பள்ளம் மெதுவாக எழுந்து லேசான தடம் மட்டும் மிஞ்சினால் சுடலாம். அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே ஓவனை 180 பாகை செல்சியஸில் சூடாக்கியிருக்க வேண்டும். ஒரு மஞ்சள் கருவில் ஒரு மேசைக்கரண்டி பால் கலந்து மென்மையான தூரிகையால் பூசி, எள் தூவுங்கள். தூரிகையை அழுத்தினால் உப்பிய பன் இறங்கும்.

22 முதல் 25 நிமிடம். மேசை ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதால் பதினைந்து நிமிடத்திலேயே தலை சிவந்துவிடும், பார்த்து ஏமாந்து எடுத்துவிடாதீர்கள். தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து, சிவந்ததும் அலுமினியத் தாளைத் தளர மூடி, முழு நேரமும் விடுங்கள். திருகு காட்டும் சூடும் உள்ளே உள்ள சூடும் பல ஓவன்களில் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கினால் எல்லாச் சுடுதலுக்கும் உதவும். வெந்ததா என்று பார்க்க நடு மூன்றில் ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், கடைசியாக வேகுவது அவைதான்.

எடுத்த சூட்டோடு மேலே வெண்ணெய் தடவினால் தோல் மென்மையாகும். ஐந்து நிமிடத்தில் தட்டிலிருந்து கம்பி வலைக்கு மாற்றிவிடுங்கள். தட்டிலேயே விட்டால் அடியில் ஆவி நீராகி, இத்தனை பாடுபட்டுக் காய்ந்த அடிப்பகுதி நனைந்துவிடும்.

யாருக்கு எது

தீபாவளிக்கு முன்னால் புரட்டாசி வருகிறது. பழகிப் பார்க்க முதல் தட்டை அந்த மாதத்திலேயே சைவமாகச் செய்து பாருங்கள். கோழிக்குப் பதில் வேகவைத்து நன்றாக வடித்து மசித்த கொண்டைக்கடலை 200 கிராம். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த மசாலா கோழியைவிட எளிதாகக் காயும், தொடங்குகிறவர்களுக்கு இதுவே நல்லது. மாவில் முட்டையை விட்டுவிட்டு 40 மில்லி பால் சேருங்கள், மேலே பூசவும் பால் போதும். நிறம் சற்று மங்கலாக வரும். விருந்தன்று இரண்டும் செய்தால் சைவத்துக்கு வெள்ளை எள், கோழிக்குக் கறுப்பு எள் தூவி, தனித்தனித் தட்டில் சுடுங்கள். கேட்காமலே தெரியும்.

மலாய்க்கார அண்டை வீட்டார் வருவார்கள் என்றால் கோழி, வெண்ணெய், கறித்தூள் எல்லாம் ஹலால் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். தகர டப்பா சார்டினும் நன்றாக வரும். 425 கிராம் டப்பாவில் தக்காளிச் சாற்றை முழுவதும் வடித்துவிட்டு, மீனை முள் நீக்கி மசித்து, வதக்கிய வெங்காயம், மிளகாயோடு அந்தக் கரண்டிக் கோடு நிற்கும்வரை காயவிடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், மீனிலேயே உப்பு இருக்கும்.

விருந்து காலை பதினொன்றுக்கு என்றால், ஆறரைக்கு மாவு பிசையத் தொடங்கினால் பத்துக்குள் இரண்டு தட்டும் வெளியே வந்துவிடும். அன்று காலை கோயிலுக்குப் போக வேண்டியவர்கள் முந்தின வாரமே சுட்டு வைக்கலாம், ஆனால் குளிர்பெட்டியில் அல்ல, உறைபெட்டியில். ரொட்டி குளிர்பெட்டியில் வெளியே இருப்பதைவிட வேகமாக இறுகிப்போகும். உறைந்த நிலையில் அது நின்றுவிடும். முழுவதும் ஆறிய பிறகு பன்னிரண்டையும் பிரிக்காமல் ஒட்டினபடியே இரண்டு சுற்று உறையில் கட்டிப் போடுங்கள். விருந்துக்கு முந்தின இரவு குளிர்பெட்டிக்கு மாற்றி, காலையில் அலுமினியத் தாள் மூடி 150 பாகையில் பதினைந்து நிமிடம் சூடாக்கி, ஒன்றைப் பிய்த்து நடுவில் மசாலா சுடச்சுட இருக்கிறதா என்று பாருங்கள். ஆறியிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம்.